நர்சம்மாவின் கம்பு

கம்பு பழகினேன் என்றதும் ஆசைப்பட்டுப் பழகினேன் என்று நினைத்துவிடாதீர்கள். அலுத்துப்போய்த்தான் பழகினேன். அரிமளம் பக்கத்தில் அரசாங்க மருத்துவச்சியாக வேலைக்கு வந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. என் பொறுப்பில் இருந்த கிராமங்களில் பஸ் போகிற ஊர் இரண்டுதான். மற்றதெல்லாம் நடை. பிரசவப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பொட்டல், கண்மாய்க்கரை, முந்திரிக்காடு என்று நாளைக்கு ஆறு ஏழு மைல் நடப்பேன். வீட்டுக்கு வந்தால் காலைக் கழுவக்கூடக் குனிய முடியாது.

நடையைப் பொறுத்துக்கொள்ளலாம். வழியில் வருகிற ஆண்பிள்ளைகளை என்ன செய்வது? சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே வருவான் ஒருத்தன். "ஒத்தையிலயா போறீங்க?" என்று கேட்பான் இன்னொருத்தன். தெரிந்துகொண்டேதான் கேட்பான். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவளை முந்திரிக்காட்டுக்குள் ஒருவன் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். அவள் பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்து, மறுநாளே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பைதான் என்னிடம் வந்தது. முந்திரிப் பால் பட்ட கறை அதில் கடைசிவரை போகவில்லை.

கூட வர ஓர் ஆள் வேண்டும் என்று திருச்சியில் இருந்த மேலதிகாரிக்கு எழுதினேன். முடிந்தவரை துணையோடு செல்லவும் என்று பதில் வந்தது. துணைக்கு யார் வருவார்கள் என்று அதில் இல்லை. கீரனூரில் இருந்த அண்ணனுக்கோ இதெல்லாம் அரசல்புரசலாகக் காதில் விழுந்துவிட்டது. "இன்னொரு தடவை இப்படி ஏதாச்சும் கேள்விப்பட்டேன், அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிருவேன், பாத்துக்க" என்றான். கூட்டிக்கொண்டு போய் எங்கே வைப்பான்? அண்ணியின் அடுப்படியில்தான். அந்த அடுப்படியை நினைத்தால் ஏழு மைல் நடை சொர்க்கமாகத் தெரியும் எனக்கு.

நான் குடியிருந்த வீட்டுக்காரிக்கும் என் வயதுதான். புருஷன் மலேயாவில் இருந்தார். அவளுடைய அண்ணன்மார் நாலு பேரும் கம்பு சுற்றுகிறவர்கள். அவர்கள் பழகும்போது எதிரில் நிற்க ஆள் இல்லையென்றால் இவளை நிறுத்துவார்களாம். அப்படி நின்று நின்றே அவளுக்கும் கை வந்துவிட்டது. நான் மேலதிகாரிக்கு இரண்டாவது கடிதம் எழுதிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், "ஏத்தா, எழுதிப்போட்டு என்ன ஆகப்போகுது? எந்திரிச்சு கொல்லைக்கு வா" என்றாள்.

கொல்லையில் துணி காயப்போடுகிற கொடிக்கு அடியில்தான் எங்கள் பழக்கம் எல்லாம். கல்மூங்கிலில் இடுப்பளவுக்கு ஒரு கம்பு நறுக்கிக் கொடுத்தாள். நாய் விரட்டுகிற கம்பு என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். வணக்கம் வைப்பது, தலைக்கு மேலே சுழற்றுவது ஒன்றும் கிடையாது. "திருவிழாவுல சுத்துறது ஊரு பாக்க. நீ பழகுறது வீடு வந்து சேர" என்றாள். வேலைக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையோடுதான் பழக வேண்டும், தோளில் பையும் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். பத்து நாள் கால் எப்படி வைப்பது என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தாள். அப்புறம் கொடியில் ஒரு பனைமட்டையைக் கை உயரத்துக்குத் தொங்கவிட்டு அதை அடிக்கச் சொன்னாள். ஊரெல்லாம் நடந்துவிட்டு வந்து அதையும் அடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிடும். சோற்றைப் பிசையக்கூட முடியாத நாள் உண்டு.

"தலையில அடிக்காத, செத்துகித்துப் போனா கேசு. முட்டிய அடி, இல்ல மணிக்கட்ட அடி. பொம்பளகிட்ட வாங்குன அடிய எவனும் வெளிய சொல்ல மாட்டான்" என்பாள். அவள் சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானது காதுப் பழக்கம். என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லிவிட்டுப் பின்னாலிருந்து வருவாள். நடந்து வந்தால் நான் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஓடி வந்தால் திரும்பும்போதே அடிக்க வேண்டும். அவள் கையில் நீட்டிப் பிடித்திருக்கும் மட்டையில் அடி விழ வேண்டும்.

"திரும்பிப் பாத்துட்டு அடிச்சா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மூஞ்சியப் பாத்தா கை எந்திரிக்காதுத்தா" என்றாள்.

மூன்று மாதத்தில் எனக்கு அது கைவந்துவிட்டது. அதன் பிறகு ஒரு வருஷம் அந்தக் கம்புக்கு வேலை நாய்களிடம்தான். ஆனாலும் அது கையில் இருக்கிறது என்பதே ஒரு மாதிரி தெம்பாக இருந்தது. சைக்கிள்காரர்கள் கொஞ்சம் தள்ளிப் போனார்கள். அண்ணன் காதுக்கும் அதன் பிறகு ஒன்றும் போகவில்லை. பாடுபட்டதற்குப் பலன் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அந்தப் பங்குனியில் ஒரு நாள் முற்பகல், பிள்ளை பெற்ற ஒருத்தியைப் பார்த்துவிட்டுக் கண்மாய்க்கரையில் திரும்பிக்கொண்டிருந்தேன். கண்மாயில் தண்ணீர் இல்லை, கரையில் ஆளும் இல்லை. பின்னால் காலடி கேட்டது. நடக்கிற காலடி இல்லை. ஆண்பிள்ளை ஓடி வருகிற கனமான காலடி. கூப்பிடவில்லை, இருமவில்லை, சும்மா ஓடிவந்தது. எனக்குக் கால் தானாகத் திரும்பியது. கம்பு இறங்கிவிட்டது. எலும்பு முறிகிற சத்தத்தை முதலில் கேட்டேன். முகத்தை அப்புறம்தான் பார்த்தேன்.

பாறையில் கல் உடைக்கிறவர் அவர். இரண்டு மைல் தள்ளியிருக்கிற ஊர். அவருடைய மனைவி தலைப்பிள்ளை சுமந்திருந்தாள். நானே இரண்டு தடவை போய்ப் பார்த்திருந்தேன். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கத்தக்கூட இல்லை.

"வலி கண்டுருச்சு தாயி. விடியக்காலையில இருந்து துடிக்கிறா" என்றார்.

பயத்தில் கோபம்தான் வந்தது. "கூப்பிட்டா என்னய்யா? வாயில்லையா?" என்று கத்தினேன்.

"போறவங்கள பின்னாடி நின்னு எப்புடிங்க கூப்புடுறது? நல்ல காரியத்துக்குல்ல வந்துருக்கேன். முன்னாடி வந்து நின்னு சொல்லுவோம்னுதான் ஓடியாந்தேன்."

வழியில் போகிறவரை முதுகுப்பக்கம் நின்று கூப்பிட்டால் போகிற காரியம் கெடும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. எனக்கும் அது தெரியாததல்ல. முதல் பிள்ளை பிறக்கிற நாளில் அதற்குப் பயப்படாத தகப்பன் யார் இருக்கிறார்? அந்தப் பயத்தில்தான் அவர் வாயை மூடிக்கொண்டு ஓடிவந்திருக்கிறார்.

பையிலிருந்த துணியைக் கிழித்து, அந்தக் கம்பையே மிதித்து ஒடித்து, ஒரு துண்டை அணை கொடுத்துக் கட்டினேன். கட்டி முடிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். "கை கெடக்கட்டும், வாங்க" என்று முன்னால் நடந்தார். அந்த இரண்டு மைலும் நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு போனேன். ஒரு தடவைகூட அவர் திரும்பி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று இருந்தது எனக்கு.

பிள்ளைக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. நல்லவேளை, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மூன்று மணிக்குப் பெண் குழந்தை பிறந்து வீறிட்டு அழுதது. நான் கை கழுவிவிட்டு வெளியே வந்தபோது அவர் ஒரு தட்டில் சீனி கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். இடது கையால் நீட்டினார்.

"பீச்சாங்கையில குடுக்கிறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கை வரமாட்டேங்குது" என்றார்.

அந்தச் சீனியை வாயில் போட்டு விழுங்கியது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் இருந்தவர்களிடம் பாறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருந்தார். தனியாக அழைத்து, "புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, படம் எடுத்துப் பார்த்து மாவுக்கட்டுப் போடுவாங்க" என்றேன். "அங்க எப்புடி ஒடிஞ்சுதுன்னு துருவிக் கேப்பாங்க. பொம்பள அடிச்சான்னு சொல்லச் சொல்றீங்களா? ஊரு சிரிக்கும். நீங்களும் ஆருகிட்டயும் சொல்லிறாதீங்க" என்றார். உள்ளூரில் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் போவதாகச் சொன்னார்.

இங்கே நான் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஒரு தடவைதான் சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் எழுதுவார்கள். எழுதினால் என் வேலை போகும், அண்ணன் வந்து நிற்பான். அவர் மாட்டேன் என்றபோது எனக்கு ஒரு மூச்சு நன்றாக வந்தது. அந்த மூச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

வீட்டுக்காரியிடம் மட்டும் சொல்லி அழுதேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அடி சரியா விழுந்துருக்கு பாத்தியா" என்றாள். அவளோடு ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் அடுத்த வாரமே அவளிடம் இன்னொரு கம்பு கேட்டு வாங்கிக்கொண்டேன். அதே முந்திரிக்காட்டு வழியாகத்தானே மறுபடியும் போக வேண்டும்? வெறுங்கையோடு போக எனக்குத் தைரியம் இல்லை. பின்னால் காலடி கேட்கும்போதெல்லாம் நின்று, திரும்பி, முகத்தைப் பார்த்து, அப்புறம் நடப்பேன். ஆறு மைல் போக முன்னைவிட நேரம் ஆயிற்று.

அவர் ஊர்ப்பக்கம் போவதை முடிந்தவரை தள்ளிப்போட்டேன். கட்டு அவிழ்த்தபோது கை கோணலாகச் சேர்ந்திருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டேன். சரியாகிவிடும், நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். எலும்பைப் பற்றிப் படித்தவள்தான் நான். சரியாகாது என்று தெரியாதா எனக்கு?

ஐப்பசியில் ஒருநாள் அவருடைய மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். குழந்தைக்குத்தான் ஏதோ என்று பதறி எழுந்தேன். குழந்தை கொழுகொழுவென்று இருந்தது.

"அவரால இனிமே சம்மட்டி தூக்க முடியாதுங்க நர்சம்மா. பிடி நிக்கல. பிள்ளைய அவரு பாத்துக்கிறாரு, நான்தான் பாறைக்கு ஜல்லி ஒடைக்கப் போறேன்" என்றாள். உள்ளங்கை எல்லாம் கொப்புளம். குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, "போற வழியில ஒருத்தன் மறிச்சுக்கிட்டு நிக்கிறான். நேத்து சேலையப் பிடிச்சுட்டான். அவருகிட்ட அழுதேன். ஒங்ககிட்டப் போயி கம்பு கத்துக்கன்னு அனுப்பினாரு" என்றாள்.

"எனக்குக் கம்பு தெரியும்னு அவருக்கு யாரு சொன்னா?"

"நானும் அதான் கேட்டேன். தெரியும், நல்லா அடிப்பாங்கன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல."

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன், சொல்ல முடியவில்லை. எழுந்து போய்க் கம்பை எடுத்துவந்தேன். அவள் குழந்தையைப் பாயில் விட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வாங்கிக்கொண்டாள். ஜல்லிச் சுத்தியல் பிடித்துப் பழகிய பிடி, கெட்டியாக இருந்தது. முதலில் கால் எப்படி வைப்பது என்று காட்ட ஆரம்பித்தேன்.

"காலெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம் நர்சம்மா. நாளைக்குக் காலையிலயே நான் அந்த வழியா வேலைக்குப் போகணும்" என்றாள். "எந்த எடத்துல அடிச்சா கை ஒடியும், அத மட்டும் சொல்லிக் குடுங்க."

அவளுடைய வலது கையை எடுத்து, மணிக்கட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, "இங்க" என்றேன்.