கடைசி வண்டி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் லாரி எஞ்சின் என்று வந்துவிட்டால், மூடியைத் திறக்காமலே, சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் இதை மறுத்துப் பேச ஆள் கிடையாது. பேசிய ஒன்றிரண்டு பேரும் பிற்பாடு என்னிடமே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அறுபதுகளில் எண்ணூர்ப் பக்கம் ஒரு லாரித் தொழிற்சாலையில் தற்காலிக ஃபிட்டராகச் சேர்ந்தேன். அங்கே செய்தது முழு லாரி இல்லை, வெறும் சேஸிஸ். இரண்டு நீளச் சட்டம், எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங், அவ்வளவுதான். கூரை இல்லை, கதவு இல்லை. கூண்டு கட்டுவதெல்லாம் வாங்குகிறவன் ஊரில். என் வேலை, முன் அச்சை ஸ்பிரிங் பட்டையோடு சேர்த்து போல்ட் முடுக்குவது. காலையிலும் அதே போல்ட், மாலையிலும் அதே போல்ட். கனவிலும் அதையே முடுக்கினேன்.

சாப்பாட்டு வேளையில் கேட்டருகே போய் நிற்பேன். முடிந்த சேஸிஸ்கள் வரிசையாக வெளியே கிளம்பும். டிரைவர் ஒரு மரப்பலகைமேல் உட்கார்ந்திருப்பார். தலையில் துண்டு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. அப்படியே கல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் ஓட்டிக்கொண்டு போவார். மேலே வானம், சுற்றிலும் காற்று. ஆம்பளை வேலை என்றால் இதுதான் என்று நினைத்தேன்.

ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டு, "உன்னை பர்மனென்ட் பண்ணப் போறோம்" என்றார். திருவொற்றியூரில் அந்த வார்த்தையைக் கேட்டால் பெண் கொடுக்க ஆள் வரும், கடன் கொடுக்க ஆள் வரும். நான் வேண்டாம் என்றுவிட்டேன். சேஸிஸ்களை ஊர் ஊராய்க் கொண்டுபோய் ஒப்படைக்கும் கான்ட்ராக்டர் ஒருவரிடம், கூடவே போகும் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். என் தங்கையின் வீட்டுக்காரர் அப்போது ஹார்பரில் தினக்கூலிக்கு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஃபோர்மேனிடம் சொல்லி, என் இடத்தில் அவரைச் சேர்த்துவிட்டதும் நான்தான்.

"இன்னா மச்சான், பர்மனென்ட்ட வுட்டுட்டு எவனாச்சும் பலகை மேல குந்திகினு போவானா?" என்று கேட்டார்.

"நீ உள்ள குந்து மச்சான். நான் ஊரெல்லாம் சுத்திட்டு வந்து உனுக்கு கத சொல்றேன்" என்றேன்.

போன பிறகுதான் ஒன்று தெரிந்தது. மெக்கானிக்குக்கு எப்போதும் கடைசி வண்டிதான். முன்னால் போகிற எது நின்றாலும் அதைப் பிடிக்க வேண்டும் அல்லவா? வரிசையில் எல்லா வண்டியும் கிளப்புகிற புழுதி என் மூஞ்சியில். வேகமாகவும் போக முடியாது. புது எஞ்சின் பதப்படுகிற வரைக்கும் வேகம் கூடாதபடி டீசல் பம்பில் ஈயக்குண்டு வைத்து சீல் அடித்திருப்பார்கள், மாட்டு வண்டியைத் தாண்டவே யோசிக்கும். ஒப்படைத்த கையோடு ரயிலேறி, கக்கூஸ் பக்கத்தில் ஸ்பானர் பையை அணைத்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். ஆக்ரா வழியாக எத்தனை தடவை போயிருப்பேன்! தாஜ்மகாலை வெள்ளையாக ஒரு பொட்டு மாதிரி பார்த்திருக்கிறேன். வரிசை நிற்கவில்லை.

ஆனாலும் எனக்கு ஒரு ஆசை இருந்தது. காஷ்மீருக்குப் போகிற வழியில் இருக்கும் பதான்கோட்டுக்குப் போய்வந்த ராயபுரத்து டிரைவர் ஒருவர் சொன்னார்: "நம்ம அத்திப்பட்டு உப்பளத்துல குமிச்சி வெச்சிகீறாங்க பாரு, அத்த அப்டியே தூக்கி வானத்துல வெச்ச மாரி கீது நைனா. காலைல எந்திரிச்சா எதுர்ல பனி!" உப்புக் காற்றிலும் பட்டறைச் சூட்டிலும் வெந்தவன் நான். அந்தப் பனியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், கையில் அள்ள வேண்டும். அதற்குத்தான் பர்மனென்டை விட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் பதான்கோட்டுக்கு வண்டி கிளம்பியது, நானும் கிளம்பினேன். நாகபுரியைத் தாண்டியதும் ரோட்டோரம் ஒரு சேஸிஸ் நின்றது. எஞ்சின் கருகிய நாற்றம் தூரத்திலேயே எனக்கு வந்துவிட்டது. அந்த டிரைவர் தண்டையார்பேட்டைக்காரர். ஊர்ந்து ஊர்ந்து பேஜாராகி, சீலை உடைத்துவிட்டுப் பறந்திருக்கிறார். பிஸ்டன் பிடித்துக்கொண்டது.

"ஒண்ணும் பண்ணல தலைவா, தானா நின்னுட்ச்சி."

"சீலும் தானா அறுந்துட்ச்சா?"

தலையைச் சொறிந்தார். வரிசை போய்விட்டது. நான் தங்கினேன். அவரை நாகபுரிக்கு அனுப்பி சாமான் வாங்கிவரச் சொல்லி, ஒரு வேப்பமரத்தடியில் தார்ப்பாய் விரித்து எஞ்சினைப் பிரித்தேன். பட்டறையில் நாலு பேர் செய்கிற வேலை அது. நான் ஒண்டியாகச் செய்தேன். கிளப்பியபோது எஞ்சின் பிறந்த குழந்தை மாதிரி அழுதது, பிறகு சீராக ஓடியது. டிரைவர் என் காலைத் தொட வந்தார். "வா தலைவா, ரெண்டு பேருமா ஓட்டிகினு போய் பனியப் பாக்கலாம்" என்றார்.

விஷயத்தைச் சொல்ல நாகபுரிக்குத் திரும்பிப் போய், தபாலாபீசிலிருந்து கான்ட்ராக்டருக்கு டிரங்க்கால் போட்டேன். "வண்டிய அவன் ஓட்டிகினு போவட்டும். நீ ரயிலேறி வந்துடு. இங்க அடுத்த வரிசை கிளம்புது. உன்ன மாரி மெக்கானிக் யாருயா கீறான் என்கிட்ட?" என்றார்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவரிடம் மட்டும் என்ன, மெட்ராஸிலேயே இல்லை. அதைக் கேட்டதும் நெஞ்சு நிமிர்ந்துபோய், வாயிலிருந்து "சரிங்க" என்று வந்துவிட்டது. ரிசீவரை வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்று உறைத்தது. சீலை உடைத்தவன் பனி பார்க்கப் போனான். எஞ்சினைப் பிழைக்க வைத்தவன் கக்கூஸ் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தான். அடுத்த பதான்கோட்டு வரிசைக்கு உன்னைத்தான் அனுப்புவேன் என்று கான்ட்ராக்டர் சத்தியம் செய்தார். அந்த வரிசை வரவே இல்லை.

கணக்கை முடித்துக்கொண்டு திருவொற்றியூர் ஹைரோட்டில் சொந்தமாகப் பட்டறை போட்டேன். யாருக்கும் சலாம் போட வேண்டியதில்லை. ஹார்பருக்கு வருகிற லாரி எல்லாம் என்னிடம்தான் நிற்கும். அடியில் படுத்துத் தட்டினால் அந்தந்த ஊர் மண் மூஞ்சியில் உதிரும். வாயில் பட்டதுமே நாகபுரிக் கரிசல் இது, ஒரிசாச் செம்மண் இது என்று சொல்லுவேன். டிரைவர்கள் அசந்துபோவார்கள். இந்தியா முழுவதும் என்னிடம் வந்தது, நான் மல்லாந்தே கிடந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து தங்கை வீட்டுக்குப் போனேன். சுவரில் புதுசாக ஒரு போட்டோ மாட்டியிருந்தது. மச்சானும் தங்கையும் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு, முழங்கால் வரைக்கும் பனியில் நின்றுகொண்டிருந்தார்கள். யூனியன் பேசி வாங்கிக்கொடுத்த பயணச் சலுகையாம். சம்பளத்தோடு லீவு, ரயில் டிக்கெட், காஷ்மீர்.

"நீ கத சொல்றேன்னியே மச்சான், இப்போ நான் சொல்றேன் கேளு" என்று ஆரம்பித்தார். "இன்னா குளுரு தெர்மா! பனிய எட்த்து உன் தங்கச்சி முதுவுல போட்டுட்டேன், ஊரக் கூட்டிட்ச்சி."

தங்கை வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் போட்டோவைக் கிட்டே போய்ப் பார்த்தேன். அவர்களுக்குப் பின்னால் ஒரு லாரி பனியில் நின்றது. முன்பக்கத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இது எண்ணூர் வண்டி. பழைய வண்டி. இந்த முன் அச்சு நான் முடுக்கினது."

"இந்தியாவுல கீற எல்லா வண்டியும் நீ முடுக்கினதுதான் மச்சான்" என்றார் அவர். "வண்டிங்கதான் போய்க்கினே கீது."

வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். காபி ஆறிப்போய்விட்டது என்று தங்கை திரும்பச் சுட வைத்துக் கொண்டுவந்தாள். குடித்தேன்.

அது என் வண்டிதான். இன்றைக்கும் எவன் வேண்டுமானாலும் வரட்டும், அந்த அச்சைக் காட்டி நிரூபிக்கிறேன். மச்சான் வீட்டுக்கு இப்போதும் போகிறேன். அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன்.