ஏட்டையாவின் முதல் சத்தியம்

போன செவ்வாய்க்கிழமை என் வீட்டில் ஒரு விசாரணை நடந்தது. குற்றவாளி... நான்தான்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு மிட்டாய்க் கடை. அதைத் தாண்டும்போது சீரணி மிட்டாய் வாசனை என்னை இழுத்துவிட்டது. எனக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பு என்ற சொல்லையே மறந்துவிடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இருந்தும் நின்ற இடத்திலேயே இரண்டு துண்டு தின்றேன். பிறகு வாயைக் கழுவிக்கொண்டு, ரொம்ப யோக்கியமான முகத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

"மிட்டாய் தின்னீங்களா?" என்றாள் மனைவி.

"இல்லையே."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் சண்டை போடவில்லை. என் சட்டைப் பையோரத்தில் ஒட்டியிருந்த வெல்லப் பாகை ஒரு விரலால் தொட்டுக் காட்டினாள். அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று ராத்திரி வரை என்னோடு பேச்சில்லை.

மிட்டாய் தின்றதில்கூட எனக்கு அவ்வளவு வெட்கமில்லை. அந்தச் 'சத்தியமா' எவ்வளவு லேசாக வந்தது! வராமல் என்ன செய்யும்? இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — எழுத வருவதற்கு முன்னால் நான் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க். கூண்டில் ஏறுகிற சாட்சிகளுக்குச் சத்தியப் பிரமாணம் சொல்லிக்கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. சம்பளம் வாங்கிக்கொண்டு ஊருக்கே சத்தியம் சொல்லிக்கொடுத்தவன் நான்.

எப்படிச் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைக்கிறீர்கள்?

"கடவுள் சாட்சியா நான் சொல்றதெல்லாம் உண்மை உண்மையைத் தவிர வேறில்லை..." ஒரே மூச்சு. கண்டக்டர் நிறுத்தங்களின் பெயரை அடுக்குவாரே, அந்த வேகம். சாட்சி 'கடவுள்' என்று வாயைத் திறக்கும்போது நான் அடுத்த கேஸ் கட்டின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருப்பேன். போலீஸ்காரர்கள் எனக்கும் மேலே. நான் ஆரம்பிக்கும் முன்பே "ஆமா சார்" என்று சத்தியத்தை முடித்துவிடுவார்கள். வாரத்தில் பாதி நாள் கூண்டில் நிற்கிறவர்கள், பாவம், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

ஒருவரைத் தவிர.

எண்பதுகளின் நடுவில் திருச்சுழிப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் ஞானமுத்து என்று ஒரு ஹெட் கான்ஸ்டபிள் இருந்தார். ஏட்டு. ஜனங்களுக்கு ஏட்டையா. கிறிஸ்தவர். முதல் தடவை அவர் கூண்டில் ஏறியபோது நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஐயா, சத்தியம் வேண்டாம். உறுதி சொல்றேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. கடவுள் பெயரில் சத்தியம் செய்ய விரும்பாதவர்கள் அதற்குப் பதிலாக உறுதிமொழி சொல்லலாம், சட்டத்தில் இடமிருக்கிறது. அதற்கான வாசகம் ஒரு அட்டையில் அச்சடித்து என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்தது. யாரும் கேட்டதில்லை. தேடி எடுத்தேன். மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார்.

"நாத்திகரா?"

"இல்லீங்கய்யா. கிறிஸ்தவன். சத்தியமே பண்ணாதேன்னு எங்க ஆண்டவர் சொல்லியிருக்காரு. உள்ளதை உள்ளதுன்னு சொல்லணும், அம்புட்டுத்தான்."

வக்கீல்கள் சிரித்தார்கள். அன்றைக்கே அவருக்குப் பட்டப்பெயர் வைத்தாகிவிட்டது — 'அட்டை ஏட்டு'. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ கேஸ். ஒவ்வொரு தடவையும் அட்டைதான்.

ஒருநாள் டீக்கடையில் பிடித்துக்கொண்டேன். "கோர்ட்டுல சத்தியம் பண்றதுல தப்பில்லைன்னு உங்க பாதிரியாரே சொல்லிட்டாராமே, ஏட்டையா?"

"சொன்னாருங்க. அவுக படிச்சவுக, அவுக சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் மத்தவுகளைக் குறை சொல்லலை." டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "வேலையில சேர்றப்ப எங்களை வரிசையா நிறுத்தி உறுதி வாங்கினாக. பயப்படாம, பாரபட்சம் பாக்காம வேலை பாப்பேன்னு. நானும் சொன்னேன். ஒருக்கச் சொன்னதைத்தானய்யா தினம் செய்யணும்? தினம் புதுசாச் சொன்னா, முதல்ல சொன்னதுக்கு என்ன மரியாதை?"

எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. யோக்கியர்கள் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பது லேசான காரியமில்லை.

இனி அந்தக் கேஸுக்கு வருகிறேன்.

கருப்பசாமி என்று ஒரு மானாவாரி விவசாயி. மழை பெய்தால் மல்லியும் மிளகாயும் போடுவார், பெய்யாவிட்டால் வானத்தைப் பார்ப்பார். பக்கத்துக் காட்டுக் கிணற்றில் இருந்த பம்புசெட் மோட்டார் களவு போய்விட்டது. கிணற்றுக்காரருக்கும் கருப்பசாமிக்கும் ஏற்கெனவே தண்ணீர்த் தகராறு. போதாதா? பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். 'கருவேலங்காட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த மோட்டாரைக் கருப்பசாமியே எங்கள் முன்னிலையில் எடுத்துக் கொடுத்தார்' என்று, பிடித்த அன்றைய தேதி போட்டு, ஸ்டேஷனில் மகஜர் — பொருளைக் கைப்பற்றியதற்கான பத்திரம் — எழுதியிருந்தார்கள். பார்த்த சாட்சிகள் மூன்று பேர். மூன்றாவது கையெழுத்து, ஞானமுத்து.

விசாரணை நாளன்று காலையில் கோர்ட் வராந்தாவில் அரசு வக்கீல் அந்த மகஜரின் நகலை ஏட்டையா கையில் கொடுத்தார். கூண்டில் ஏறும் முன் ஒருதரம் பார்த்துக்கொள்வதற்காக. நான் வெளியே வந்தபோது அவர் வேப்பமரத்தடியில் நின்று படித்துக்கொண்டிருந்தார். ஒரே பக்கம். அதையே திரும்பத் திரும்பப் படித்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

அப்போதுதான் பேச்சியம்மாள் வந்தார். கருப்பசாமியின் மனைவி. சப்-ஜெயிலில் இருந்து கூட்டி வந்திருந்த புருஷனை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு நேரே ஏட்டையாவிடம் போனார்.

"ஏட்டையா, அவுகளைப் பிடிச்சுட்டுப் போன அன்னைக்கு நான் ஸ்டேஷன் வாசல்லதான் கெடந்தேன். ஏட்டையா எங்கன்னு கேட்டேன். பந்தல்குடியில திருவிழா, பந்தோபஸ்துக்குப் போயிருக்காகன்னாக. நீங்க அங்கிட்டு இல்லைய்யா. உங்களுக்கே தெரியும்."

ஏட்டையா தலையை நிமிர்த்தவில்லை.

"உள்ளதைச் சொல்லுவேன்னு ஒரு சத்தியம் பண்ணுங்கய்யா. எனக்கு அது போதும்."

"சத்தியம் பண்ண மாட்டேன் தாயி."

அவர் அதை வழக்கமாகச் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனால் அந்தம்மாள் காதில் அது எப்படி விழும்? எங்கள் பக்கத்தில் ஆடு காணாமல் போனாலும், வரப்பு நகர்ந்தாலும், கோயிலில் சூடம் ஏற்றி 'அணைச்சுச் சத்தியம் பண்ணு' என்பார்கள். பண்ணியவன் தப்பித்தான். பின்வாங்கியவன் திருடன். இதில் இரண்டாவது பேச்சே கிடையாது. சத்தியம் பண்ண மாட்டேன் என்று ஒருவர் சொன்னால், பொய் சொல்லப் போகிறார் என்று அர்த்தம். பேச்சியம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு புருஷனிடம் போனார்.

நான் குறுக்கே புகுந்து, "அம்மா, இவர் எப்பவுமே இப்படித்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிளார்க்குக்கு எதற்கு ஊர் வம்பு என்று உள்ளே போய்விட்டேன். இன்றைக்கு வரை அது எனக்கு உறுத்துகிறது.

பத்து நிமிஷம் இருக்கும். கருப்பசாமியின் வக்கீல் என் மேஜைக்கு வந்தார். சின்னப் பிள்ளை, அப்போதுதான் தொழிலுக்கு வந்தவர்.

"சார், எங்க பார்ட்டி ஒத்துக்கிறாராம். சம்சாரம்தான் சொல்லுச்சாம். ஏட்டையாவே அந்தப் பக்கம் சாஞ்சுட்டாரு, இனிமே யாரு நம்மளை நம்பப் போறாக, ஒத்துக்கிட்டா ஆறு மாசத்துல வந்துரலாம்னு அழுவுது."

செய்யாத களவுக்கு ஆறு மாசம். எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன் — நான் சந்தோஷப்பட்டேன். ஒரு கேஸ் குறைந்தது, சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிடும். வெளியே போய் ஏட்டையாவிடம் நல்ல சேதி மாதிரி சொன்னேன்.

"உங்களுக்கு வேலை மிச்சம். ஆளு ஒத்துக்கிறாராம். நீங்க கூண்டுல ஏற வேண்டியதில்லை. பன்னெண்டு மணி பஸ்ஸைப் பிடிச்சுரலாம்."

அவர் மரத்தடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். அவர் ஒன்றுமே செய்ய வேண்டாம். பொய் சொல்ல வேண்டாம், சத்தியம் செய்ய வேண்டாம், வாயைத் திறக்கவே வேண்டாம். பஸ் ஏறினால் போதும். அந்தக் கையெழுத்தை இனி ஒருவரும் பார்க்கப்போவதில்லை. கூண்டில் ஏறி உண்மையைச் சொன்னால்? போலீஸ்காரரே பொய் மகஜரில் கையெழுத்துப் போட்டார் என்று ஆகும். யூனிஃபார்மே போகலாம். வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள்.

ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. அவர் எழுந்து தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டார். போகப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஐயா, அந்த ஆளு வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். மாஜிஸ்திரேட்டிடம் என்ன சொல்லி வரிசையை மாற்றினேன் என்று இப்போது நினைவில்லை. ஏட்டையா கூண்டில் ஏறினார். நான் கண்ணாடிக்கு அடியிலிருந்து அட்டையை உருவினேன்.

"அட்டை வேண்டாமய்யா. சத்தியமே சொல்லிக்குடுங்க."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன ஏட்டு, இத்தனை வருஷமா மாட்டேன்னீங்களே?"

"அப்ப நான் ஆமான்னா ஆமாதான்யா. அந்தத் தைரியத்துல சொன்னேன்." கையிலிருந்த நகலைத் தூக்கிக் காட்டினார். "இந்தப் பேப்பர்ல உள்ளது ஒண்ணையும் நான் பாக்கலை. அன்னைக்கு நான் பந்தல்குடியில இருந்தேன். மறுநாள் ஸ்டேஷன் ரைட்டர் பத்துப் பேப்பரை நீட்டினாரு. படிக்காம எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டேன். வாயால சத்தியம் பண்ண மாட்டேன்னு பெருமை பேசிக்கிட்டு, கையால பண்ணியிருக்கேன்யா. பொய்ச் சத்தியம். இனி நான் சும்மா சொன்னா யாரு நம்புவாக? நானே நம்ப மாட்டேன். இன்னைக்கு எனக்குச் சத்தியம் வேணும்."

ஆண்டவர் சொன்னதை மீறுகிறோம் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

நான் சொல்லிக்கொடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒவ்வொரு சொல்லாக. 'கடவுள்' என்றேன். நின்றேன். அவர் சொன்னார். 'சாட்சியாக' என்றேன். எனக்கே அந்தச் சொல்லின் அர்த்தம் அன்றைக்குத்தான் உறைத்தது. பிறகு அவர் முதலில் சொன்னதையே மறுபடி ஒழுங்காகச் சொன்னார். நாங்கள் எழுதிக்கொண்டோம். கடைசி பெஞ்சில் பேச்சியம்மாள் புருஷனைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கருப்பசாமி ஒத்துக்கொள்ளவில்லை.

அரசுத் தரப்பு ஏட்டையாவைப் 'பிறழ்சாட்சி' என்று அறிவித்தது. சொல் மாறிய சாட்சிக்குக் கோர்ட் பாஷையில் அதுதான் பெயர். அந்தக் கட்டிடத்தில் அன்றைக்குச் சொல் மாறாத ஒரே ஆளுக்கு அந்தப் பெயர் கிடைத்தது.

அன்று மதியம் வராந்தாவில் பேச்சியம்மாள் அவர் முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். "உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் ஏட்டையா."

"இல்லை தாயி," என்றார் அவர். "பஸ்ஸுச் சத்தம் கேக்குற வரைக்கும் நீ சரியாத்தான் நினைச்சிருந்த."

கருப்பசாமி விடுதலையானார். ஏட்டையாவுக்கு சஸ்பென்ஷன், விசாரணை, பிறகு வேறு ஊருக்கு மாற்றல். எஸ்.ஐ. ஆக வேண்டியவர், ஏட்டாகவே ரிட்டயர் ஆனார். இடையில் ஒரு பழைய கேஸுக்காக எங்கள் கோர்ட்டுக்கு ஒருமுறை வந்தார். எனக்குத் தயக்கம். "இன்னைக்கு எது, ஏட்டையா?" என்றேன்.

"அட்டையே போதும்யா," என்று சிரித்தார். "இப்பெல்லாம் படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போடுறேன். ரைட்டருக்குத்தான் என்னைக் கண்டா ஆக மாட்டேங்குது."

சத்தியம் செய்யலாமா கூடாதா என்று வேதம் படித்தவர்கள் பேசட்டும். எனக்கு அவ்வளவு ஞானமில்லை. நாம் வாயால் செய்வதைவிடக் கையால் செய்கிற சத்தியங்கள்தான் அதிகம் என்பது மட்டும் தெரிகிறது. கட்டுரைக்குக் கீழே பேர் போடுவதும் அதில் ஒன்று. அதனால் பேரைப் போடும் முன் இதை முதலிலிருந்து ஒருதரம் படித்துப் பார்த்தேன். மேலே ஒரு இடத்தில் திருத்தம் தேவைப்படுகிறது.

மிட்டாய் இரண்டு துண்டு இல்லை. மூன்று.