கொரியத் தொடரும் ஒரு பந்தக்காலும்

மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டில் கொரியத் தொடர் ஓடும். விடுமுறைக்கு வந்த பேத்தி தொலைக்காட்சியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் ஊருக்குப் போன பிறகும் என் மனைவி விடவில்லை. கடலோர ஊர் ஒன்றில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் நான்கு பையன்களின் சிநேகிதம்தான் கதை. எல்லோரும் தமிழ் பேசினார்கள். அவர்களுடைய பெயர்கள் வாயில் நிற்காததால் மனைவியே பெயர் வைத்துவிட்டாள்: கண்ணாடி, சைக்கிள், நெட்டை. எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருப்பவன் தீனி.

“கொரியாவுல போயி மெட்ராஸ் பாஷை பேசுறாய்ங்க பாருங்க. நம்ம ஊர்க்காரன் குரல் கொடுத்திருந்தா மாப்ளைன்னு கூப்பிட்டிருப்பாய்ங்க.”

நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதன் ஓரமாகப் பார்ப்பேன். கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் பள்ளிக்கூடப் பையன்கள் கதையைப் பார்ப்பதா என்று ஒரு வீம்பு.

சைக்கிளின் அம்மா கடற்கரையில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறாள். பள்ளி விட்டதும் நான்கு பேரும் அங்கேதான் சாப்பிடுவார்கள். கண்ணாடிக்கு மட்டும் கேட்காமலே இரண்டாம் தரம் வைப்பாள். ஒருநாள் அந்த அம்மா இறந்துபோகிறாள். அந்த நாட்டில் சடங்கெல்லாம் மருத்துவமனைக் கூடத்திலேயே நடக்கிறது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, படத்தின் முன் விழுந்து வணங்கி, அங்கேயே உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுகிறார்கள். நெட்டையும் தீனியும் வந்துவிட்டார்கள். கண்ணாடி வரவில்லை. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் சைக்கிள் வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்க்கிறான்.

“இவன் ஏன் வரல? அந்தம்மா கையால அம்புட்டுத் தின்னானே” என்றாள் மனைவி. பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். நானும் அப்படி ஒரு சாவுக்குப் போகாதவன் என்பது அவளுக்குத் தெரியும்.

எங்களுடையது சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். படிக்க மதுரைக்கு வந்து விடுதியில் தங்கினேன். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஒரு சௌராஷ்டிர வீட்டுப் பையன். விடுதிச் சாப்பாட்டை நான் தொடாமல் வைத்துவிடுவதை அவன் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். மறுநாளிலிருந்து மதியச் சாப்பாடு அவன் வீட்டில்தான். முள்ளுமுருங்கை வடை தட்டும்போது அவன் அம்மா என்னைச் சமையலறை வாசலிலேயே உட்கார வைத்து, சட்டியிலிருந்து எடுத்து நேராக என் தட்டில் போடும். பள்ளிப் படிப்பு முடியும் வரை அப்படித்தான்.

என் மகன் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் அந்த அம்மா இறந்துபோனது. அவனே போனில் சொன்னான். பந்தக்கால் ஊன்றிவிட்டால், கல்யாணம் முடியும் வரை அந்த வீட்டார் சாவு வீட்டில் கால் வைக்கமாட்டார்கள். “பந்தக்கால் ஊனியாச்சுடா மாப்ள” என்று நான் சொன்னேன்.

ஊன்றவில்லை. மறுநாள்தான் ஊன்றுவதாக இருந்தது. நான் போனில் பேசிக்கொண்டிருந்தபோது அந்தக் கம்பு மாவிலைகூடக் கட்டாமல் காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்திருந்தது.

எனக்குத் தீட்டில் நம்பிக்கையும் கிடையாது. வகுப்பில் அதைக் கேலி செய்தவன். அன்று மாலை கோயம்புத்தூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வருவதாக இருந்தது. சாவு வீட்டுக்குப் போய்வந்த தலையோடு அவர்கள் முன்னால் நிற்க எனக்கு மனம் வரவில்லை. “போயிட்டு வந்து தலைக்கு ஊத்துனாத் தீந்துச்சு” என்று மனைவி சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை.

கல்யாணம் முடிந்ததும் போயிருக்கலாம். மறுவீடு, விருந்து என்று இழுத்துக்கொண்டே போனேன். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாவுக்குப் போகாதவன் முதலில் துக்கம் கேட்கப் போகவேண்டும். அதற்கு முன் வேறு எதற்காகவும் அந்த வீட்டுப் படியேறக்கூடாது. துக்கம் கேட்கப் போனால் அவர்கள் ‘வா’ என்று சொல்லமாட்டார்கள். கிளம்பும்போது நாமும் ‘வாரேன்’ என்று சொல்லக்கூடாது. அவன் வீட்டு நல்லது எதற்கும் போகமுடியாமல் போனது இப்படித்தான். திருப்பரங்குன்றத்தில் நான், பழங்காநத்தத்தில் அவன். நடுவே சில நிறுத்தங்கள்தான். பேருந்து பழங்காநத்தத்தில் நிற்கும்போதெல்லாம் ஜன்னலோரம் இருந்தால் தலையைக் குனிந்துகொள்வேன். இதற்குள் அந்தக் கல்யாணத்துக்குப் பின் பிறந்த பேத்தியே ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் தொடரில் கண்ணாடி அந்தக் கடைக்கு வந்தான். வாசலிலேயே நின்றான். சைக்கிள் நிமிர்ந்து பார்த்தான். ஒரு கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனான். நான் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டிருந்தேன்.

மனைவி டிவியை நிறுத்தினாள். “எந்திரிங்க. சட்டையப் போடுங்க.”

“இம்புட்டு வருஷம் கழிச்சு என்னன்னு போறது?”

“அந்தக் கண்ணாடி எப்படி வந்தான்? அப்படித்தான்.”

நான் மட்டும் பழங்காநத்தம் போனேன். சிநேகிதன் வீடு மாடியில். கதவைத் திறந்தவன் ‘வா’ என்று சொல்லவில்லை. அது வழக்கத்துக்காகவா கோபத்துக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. துக்கம் கேட்கும் முறைப்படி கையை நீட்டினேன். தொட்டான். கூடத்தில் அந்த அம்மாவின் படம் மாட்டியிருந்தது. உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்.

“அன்னைக்குப் பந்தக்கால் ஊனலடா. பொய் சொன்னேன்.”

“தெரியும்” என்றான்.

எனக்குப் புரியவில்லை.

“உன் வீட்டுக்குப் பந்தல் போட்டவன்தான்டா எங்க வீட்டுச் சாவுக்கும் போட்டான். உன் வீட்டுல கம்ப இறக்கிட்டு நேரா இங்க வந்தான். ‘அண்ணே, வாத்தியார் வீட்டுல நாளைக்குத்தான் கால் ஊனுறாக’ன்னு அவனாச் சொன்னான். எங்கம்மா அப்பக் கூடத்துலதான் கெடந்துச்சு.”

“தெரிஞ்சும் ஏண்டா ஒரு வார்த்தை கேக்கல?”

“சாவு வீட்டுக்காரன் வந்து, நீ ஏண்டா வரலைன்னு கேப்பானா? நீ வந்து துக்கம் கேட்டாத்தானே நான் உன் வீட்டுக்கு வரமுடியும்?”

“கோவம் இல்லையா?”

“இல்லாம? ரெண்டு மூணு வருஷம் நல்லா இருந்துச்சு. அப்புறம் மூட்டுவலி வந்துச்சு. அதப் பாக்கவே நேரம் சரியாப்போச்சு. ஆமா, இப்ப என்ன திடீர்னு?”

கண்ணாடி, சைக்கிள், நூடுல்ஸ் கடை எல்லாவற்றையும் சொன்னேன். வாயைத் திறந்தபடி கேட்டான்.

“அடப்பாவி. கொரியாக்காரன் வந்து சொல்லித்தான் உனக்கு எங்க வீட்டுக்கு வழி தெரிஞ்சுச்சா?”

அவன் சிரித்த சத்தத்தில் மருமகள் எட்டிப் பார்த்தாள். அவளிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னான். அந்த நாளில் சமையலறை வாசலில் உட்கார்ந்து கேட்டதில் எனக்கு அந்த மொழியில் சாப்பாட்டுச் சொற்கள் மட்டும் தெரியும். காபி, சர்க்கரை வேண்டாம் என்றான். எனக்குச் சர்க்கரை வியாதி வந்தது சமீபத்தில்தான். யாரிடமோ விசாரித்து வைத்திருக்கிறான். அந்தக் காபியைக் குடிக்க எனக்குக் கொஞ்ச நேரமானது.

பிறகு எழுந்தேன். ஒன்றும் சொல்லாமல் படியிறங்கத் தொடங்கினேன்.

“எங்கடா, வாயத் தொறக்காமப் போற?”

“துக்கம் கேக்க வந்தவன் சொல்லிட்டுப் போகக்கூடாதுல்ல.”

“அதெல்லாம் காபி குடிக்கிறதுக்கு முன்னாடியே முடிஞ்சுச்சு. வாரேன்னு சொல்லிட்டுப் போடா.”

“வாரேன் மாப்ள” என்றேன்.

கீழே தெருவுக்கு வந்து மனைவிக்குப் போன் செய்தேன்.

“என்ன சொன்னாரு?”

“ஞாயித்துக்கெழம நம்ம வீட்டுக்கு வாரானாம். அந்தக் கொரியாக்காரன் கதைய மொதல்ல இருந்து போடணுமாம்.”