உரிகம் இருந்த இடத்தில் கடல்

பொம்மசந்திராவில் ஒரு பம்ப் கம்பெனி. அங்கே தமயந்தியின் கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட்டின் நீளம்கூட மாறாது. வரைபடத்துக்குப் புதிய ரிவிஷன் வந்துவிட்டால் மெஷின் மெஷினாகப் போய்ப் பழைய தாள்களைப் பிடுங்கி வந்து, ‘அப்சலீட்’ என்று சிவப்பு முத்திரை குத்தி, கிழிக்கும் மெஷினில் போடுவது அவளுடைய உத்தியோகம். இருபத்திரண்டு வருஷமாக அதைச் செய்கிறாள். பழைய தாளை டிராயரில் ஒளித்து வைத்து அவளிடம் மாட்டிக்கொண்டு அசடு வழிந்த மேனேஜர்கள் உண்டு. பழசு என்றால் பழசுதான்; அந்த விஷயத்தில் அவளுக்குத் தாட்சண்யமே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கதை வேறு. அன்றைக்கு மத்தியானம் காக்ஸ் டவுனில் கல்லூரி நண்பன் ஹெர்பர்ட் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், இருபத்தெட்டு வருஷத்துப் பழைய உலகம் ஒன்றை ஒரு துரும்பு குறையாமல் கட்டிக் காப்பவளும் இதே தமயந்திதான்.

அந்த உலகத்துக்கு டஸ்க்வார்டு என்று பெயர். அது ஒரு விளையாட்டு. பலகையும் இல்லை, காயும் இல்லை. ஒருத்தர் உலகத்தைச் சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ மாறி அதற்குள் நடமாடுவார்கள். ஓங்கிய வாள் இறங்கியதா, வழுக்கியதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். உலகத்தைச் சொல்லும் நாற்காலி தமயந்தியுடையது. அதில் வேறு யாரும் இதுவரை உட்கார ஆசைப்பட்டதில்லை; ஆசைப்பட்டாலும் அவள் விட்டிருக்க மாட்டாள்.

கல்லூரி நாளில் பெர்த்திலிருந்து வந்த ஹெர்பர்ட்டின் சித்தப்பா மகன் ஒரு வாரத்துக்கு இரவல் கொடுத்த புத்தகத்தில் இது தொடங்கியது. ஒரே நாளில் மொத்தத்தையும் ஜெராக்ஸ் எடுத்தார்கள். வரைபடம் மட்டும் பெரிய தாள். கடைக்காரர் அதை எப்படி எப்படியோ திருப்பி வைத்துப் பார்த்துவிட்டு, கீழே நாலு விரல் அகலத்தைத் தாராளமாக வெட்டிவிட்டார். வெட்டுப்பட்ட விளிம்பில் ஒரு வார்த்தையின் மேல்பாதி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

“ஓ, ஆர், ஐ, ஜி, ஏ... அப்பறம் என்னா எழவோ தெரில,” என்றான் ஹெர்பர்ட்.

“உரிகம்!” என்றாள் தமயந்தி.

உலகத்தில் வேறெந்தப் பெண்ணும் அதை அப்படி வாசித்திருக்க மாட்டாள். ஆனால் அவள் கோலார் தங்கவயலில் பிறந்தவள். வாரா வாரம் ரயிலில் உரிகம் ஸ்டேஷனைத் தாண்டி வந்தவள். அந்த எழுத்துகள் அவள் கண்ணுக்கு வேறெதுவாகவும் தெரியவில்லை. அன்றைக்கே டஸ்க்வார்டின் தெற்கே உரிகம் என்றொரு நாடு முளைத்தது. எண்பது லெவல் ஆழத்துக்குச் சுரங்கம், காற்றடித்தால் புழுதி கிளப்பும், சுரங்கக் கழிவு குவிந்த வெள்ளை மலை, ஏழு வாசல், வாசலுக்கொரு சண்டை. நண்பன் க்ளென்னின் வீரன் மைக்கா அங்கேதான் பிறந்தான். அவன் குள்ளர் இனம். கோடரியும் கோபமும் தவிர வேறு சொத்தில்லாதவன்.

அப்புறம் பதிப்புகள் மாறின. டஸ்க்வார்டு எழுதுகிறவர்களுக்கு ஒரு வழக்கம்: விதியை மாற்ற வேண்டுமென்றால் கதையில் ஒரு சாமியைக் கொன்றுவிடுவார்கள். மந்திரக் கணக்கு மாறினால் நிலாச் சாமி செத்துப்போகும். பகடையில் சின்ன எண் நல்லது என்பது போய்ப் பெரிய எண் நல்லது என்று வந்தால் காலச் சாமிக்குக் கெட்ட காலம். நாலு பதிப்பில் நாலு சாமி போய்ச் சேர்ந்தது. தமயந்தி அசரவில்லை. சாவுகளையெல்லாம் ஏற்றுக்கொண்டு, உரிகத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு திருவிழா வைத்து, நாட்டை அடுத்த பதிப்புக்குள் பத்திரமாக நடத்திக் கூட்டிவந்தாள்.

ஐந்தாம் பதிப்பு வந்த மாதமும் க்ளென் மஸ்கட்டை விட்டு மொத்தமாகத் திரும்பி வந்ததும் ஒன்றாக அமைந்தது. பன்னிரண்டு வருஷம் அவன் பாஸ்போர்ட்டோடு சேர்த்து மைக்காவின் பலம், ஆயுதம் எல்லாம் எழுதிய தாளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தானாம். உறையிலிருந்து எடுத்து அதை மேசைமேல் வைத்தான்.

அதன் பக்கத்திலேயே தினேஷ் தன் புதுப் புத்தகத்தை வைத்தான். வைட்ஃபீல்டில் வேலை பார்ப்பவன், மேசையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. நடுப்பக்கத்தை விரித்தான். நடுவில் வந்த பதிப்புகளில் விதி மட்டும்தான் மாறியது; வரைபடம் இதில்தான் திரும்ப வந்திருந்தது, முழுசாக, கலரில். தெற்கே, உரிகம் இருக்க வேண்டிய இடத்தில் நீலமாக இரண்டு வார்த்தை: ஒரிகன் கடல்.

ஹெர்பர்ட்தான் முதலில் சிரித்தான். “அடப்பாவி, ஜெராக்ஸ்காரன் கடலையே வெட்டிட்டான்டா!”

க்ளென் சிரிக்கவில்லை. “அப்போ என் ஆளு இத்தினி வருஷமா தண்ணில நின்னா சண்ட போட்டான்?”

“தப்பா நெனைக்காதீங்கண்ணா,” என்றான் தினேஷ். “என் ஆபீஸ்ல ரெண்டு பேரு சேர்றேன்றாங்க. எல்லாரும் இந்த புக்கு படிச்சவங்க. ஊரே ஆடுற உலகம் ஒண்ணு, நாம ஆடுறது ஒண்ணுன்னா எப்டி? புது புக்குல கதை நூறு வருஷம் தாண்டிடுச்சுக்கா. பழசெல்லாம் விட்டுட்டு புக்குல இருக்கற மாதிரியே போலாமே.”

“உரிகம் இல்லன்னா நா இல்லப்பா,” என்று க்ளென் தாளை உறைக்குள் தள்ளினான்.

தமயந்திக்குச் சுருக்கென்றது. தினேஷ் சொன்னது தப்பில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். கம்பெனியில் அவள் தினமும் சொல்வதைத்தான் அவன் அவளிடமே சொன்னான். உரிகத்தை வைத்துக்கொண்டால் தினேஷ் போவான். விட்டால் க்ளென் போவான். யார் போனாலும் மேசை உடைந்தது. மேசை உடைந்தால் உரிகத்துக்கு ஹெர்பர்ட் வீட்டுப் பரண்தான் கதி.

“ஒரு வாரம் டைம் குடுங்க,” என்றாள். 

புதன்கிழமை கம்பெனியில் ஒரு மாற்றக் குறிப்பு அவள் மேசைக்கு வந்தது. ஏதோ மூடியின் தடிமனை இரண்டு மில்லிமீட்டர் கூட்டியிருந்தார்கள். அந்தப் படிவத்தில் எல்லோரும் காலியாக விட்டுவிட்டு அவளிடம் திட்டு வாங்கும் கட்டம் ஒன்று உண்டு: ஏற்கெனவே செய்து வைத்த பாகங்களை என்ன செய்வது? அப்படியே பயன்படுத்து, குப்பையில் போடு, திருத்திப் பயன்படுத்து. மூன்றில் ஒன்றை டிக் செய்ய வேண்டும்.

பேனாவோடு அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உரிகத்தை வைத்து க்ளென்னும் தினேஷும் நாலு நாளாக முதல் இரண்டு கட்டத்துக்குத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தங்கவயலில் இருக்கும் அப்பாவுக்கு போன் போட்டாள். கோவிந்தப்பா சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை வெளியே இறைக்கும் பம்ப்புக்கு ஆபரேட்டராக இருந்தவர். மூன்றாம் நம்பர் பம்ப் அவருடையது. சுரங்கத்தை மூடியபோது சுவிட்சை இறக்கிய கைகளில் அவருடைய கையும் ஒன்று. அதைப் பற்றி வீட்டில் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளும் கேட்டதில்லை.

“அப்பா, ஒரு மைன்ஸ்ல பம்ப்ப நிறுத்திட்டா தண்ணி மேல வர எத்தினி வருஷம் ஆகும்?”

“எந்த மைன்ஸு?”

“வெளையாட்டுல வர்ற மைன்ஸுப்பா.”

“எத்தினி லெவலு?”

“எம்பது.”

“ஊத்து எப்பிடின்னு பாக்கணும். நூறு வருஷம் விட்டீன்னா மேல வரிக்கும் தளும்பும். பாக்கறவனுக்கு ஏரி மாதிரி, கடலு மாதிரி இருக்கும்.” கொஞ்சம் நிறுத்தினார். “அதுக்கின்னா இப்போ? நிறுத்துனா ஏறும், ஓட்டுனா எறங்கும். அவ்ளோதான தண்ணி.”

 அத்தனை வருஷம் வாய் திறக்காத மனுஷன், ஏதோ ரயில் நேரம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டார்.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து ஹெர்பர்ட் வருவதற்குள் அவள் மேசை முன் உட்கார்ந்திருந்தாள். எதிரே கம்பெனிப் படிவம் போலவே கோடு போட்ட ஒரு தாள். தினேஷும் க்ளென்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள்.

“புக்கு கரெக்ட்டு,” என்றாள் தமயந்தி. க்ளென் எழுந்தே விட்டான். “உக்காருடா. புக்கும் கரெக்ட்டு, நாமளும் கரெக்ட்டு. அங்க கடல் இருக்கு. நூறு வருஷத்துக்கு முன்னாடி இல்ல. உரிகத்துல பம்ப்ப நிறுத்தச் சொல்லி மேலேர்ந்து ஆர்டர் வந்துச்சு. நிறுத்துனாங்க. தண்ணி எம்பது லெவலும் ஏறி, வாசலத் தாண்டி, வெள்ள மலைய முழுங்கி, கடலா நின்னுடுச்சு. புதுசா பொறந்தவங்க அத ஒரிகன் கடல்ன்றாங்க. பேருகூட தேஞ்சு போச்சு.”

தமயந்தி தினேஷின் பக்கம் திரும்பினாள்.

“தினேஷ், உன் ஆளு கரையோரத்துப் பையன். அவனுக்குக் கடல் மட்டும்தான் தெரியும். க்ளென், உன் குள்ளர் இனத்துக்கு ஆயுசு எவ்ளோ?”

“முந்நூறு,” என்ற க்ளென்னின் முகம் மெல்ல மலர்ந்தது. “மைக்கா உயிரோட இருக்கான்!”

“இருக்கான். கரையில குந்திக்கினு, அடில ஒரு நாடு இருக்குதுன்னு போற வர்றவங்க கிட்டல்லாம் சொல்றான். எல்லாரும் கெழவனுக்குப் பைத்தியம்ன்றாங்க.”

தினேஷ் புத்தகத்தின் நீலத்தில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். “அக்கா, கடல பம்ப் பண்ணி எறக்கணுமா? அதுக்கு ரூலே இல்லியே.”

“பம்ப்புக்கு ரூல் நா எழுதறேன்,” என்றாள். “சோறு போடறதே அதான்.”

பேனாவை எடுத்து, தினேஷின் புத்தம்புது வரைபடத்தில் கடலைச் சுற்றி மேகம் மேகமாக ஒரு கோடு போட்டாள். கம்பெனியில் மாற்றம் வந்த இடத்தை அப்படித்தான் காட்டுவார்கள். பக்கத்தில் ‘திருத்திப் பயன்படுத்து’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். தினேஷ் ஒரு நிமிஷம் பதறினான்; பிறகு, “வாட்ஸப்புல போடறேன், ஆபீஸ்ல அவங்க ரெண்டு பேரும் பாக்கட்டும்,” என்று போட்டோ எடுத்தான்.

அன்று மைக்காவும் கரையோரத்துப் பையனும் மூச்சடக்கி முழுகி, பாசி படிந்த பம்ப் அறையைக் கண்டுபிடித்தார்கள். நெம்புகோலைத் தள்ள க்ளென் பகடையை உருட்டினான். நாலு விழுந்தது; நெம்புகோல் அசையவில்லை. தினேஷ் தோள் கொடுத்து உருட்டினான். பத்தொன்பது; பம்ப் உறுமிக்கொண்டு கிளம்பியது. ஹெர்பர்ட் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தமயந்தி வாசல் கேட்டருகே போய் நின்று அப்பாவைக் கூப்பிட்டாள்.

“அப்பா, மூணாம் நம்பர் ஸ்டார்ட் ஆயிடுச்சு.”

மறுமுனையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை அணைத்தார்.

“பிரஷர் எவ்ளோ காட்டுது?” என்றார் கோவிந்தப்பா.