மேசைக்குள் கிடந்த காலண்டர்

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவில் ரதவீதியில் எனக்கு ஜவுளிக்கடை. நாங்கள் மூன்று தலைமுறையாக வேதக்காரர்கள். கிறிஸ்தவர்களை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் கடைக்குள் வருகிறவன் அதைக் கண்டுபிடித்தால் காதை அறுத்துக்கொள்வேன் என்று மனசுக்குள் சவால் விடுவேன். வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி. சுவரில் மொத்த வியாபாரி கொடுத்த முருகன் காலண்டர். வேதக்கோவிலில் கொடுத்த பைபிள் வசனக் காலண்டர் கல்லா மேசைக்குள் குப்புறக் கிடக்கும். காடுகரை வைத்திருக்கிற சுற்றுப்பட்டிச் சம்சாரிகள் வந்துபோகிற இடம், இங்கே எதற்கு வேதம்? என் சாமர்த்தியத்தில் எனக்கு அவ்வளவு பெருமை!

ஞாயிற்றுக்கிழமை நான் வேறு ஆள். சலவை வேட்டி கட்டி, வேதக்கோவிலில் பைபிள் பாடம் வாசிப்பதே நான்தான். கணீரென்று வாசிப்பேன்.

கடையில் துணி கிழித்துக் கொடுக்க ஒருவன் இருந்தான். இருபத்தஞ்சு வயசு, தங்கமான பையன். அவன் வீட்டில் யாரும் வேதத்தில் இல்லை. ஒரு வருஷமாக அவனாகவே வேதக்கோவிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். இளையரசனேந்தல் பக்கம் பெண் நிச்சயமாகியிருந்தது. அந்தப் பெண் மேல் அவனுக்கு உசிரு. ஞானஸ்நானம் எடுக்கணும் என்று வந்து நின்றபோது, "ஏலே, கல்யாணம் முடியட்டும். இப்ப என்ன அவசரம்?" என்றேன்.

"அவங்க கேட்டா மறைக்க மாட்டேன் அண்ணாச்சி" என்றான். கிறுக்குப்பய என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பெண்ணின் அப்பா வந்தார். முகூர்த்தப் பட்டு எடுத்து வைத்துவிட்டு, கல்லாப் பக்கம் வந்து கேட்டார். "மாப்ள வேதத்துல சேரப்போறாருன்னு சொல்லுதாங்க, நெசமா அண்ணாச்சி? நீங்களும் அந்த வேதந்தானே, அதான் உங்ககிட்ட கேக்க வந்தேன். சேந்தாலும் பொண்ண நல்லா வச்சுக்கிடுவாருன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஊர்ல நான் பேசிக்கிடுதேன்."

அடப்பாவி! ஊருக்கே தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷச் சாம்பிராணி என் கண்ணை மட்டும்தான் மறைத்திருக்கிறது.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். கடையில் நாலு சம்சாரிகள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். "எனக்கென்ன தெரியும்? அவன் வயசுள்ளவந்தானே, அவன்கிட்டயே கேளுங்க" என்றேன்.

கேட்டார். அவன் கத்தரியைக் கீழே வைத்தான். "ஆமா மாமா, நான் இயேசுவ நம்புதேன். உங்க பொண்ண கண்கலங்காம வச்சுக்கிடுவேன்" என்றான். சத்தத்தில் நடுக்கமே இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். நான் இல்லாத பில்லைத் தேடினேன். "கூட இருக்க வேதக்காரரே வாயத் தொறக்க மாட்டேங்காரு, நான் எத நம்பிப் பொண்ணு கொடுக்க?" என்று எடுத்த பட்டுத்துணியை அங்கேயே போட்டுவிட்டு இறங்கிப் போனார். கல்யாணம் நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாடம், பிறவிக் குருடன் பார்வை பெற்ற கதை. பிரமாதமாக வாசித்துக்கொண்டு போனேன். யார் இவன் கண்ணைத் திறந்தது என்று பெரிய மனிதர்கள் கேட்க, பெற்றவர்கள் பயந்துபோய், 'எங்களுக்குத் தெரியாது, அவன் வயதுள்ளவன், அவனையே கேளுங்கள்' என்று பதில் சொல்லுகிற இடம் வந்தது. வெள்ளிக்கிழமை கல்லாவில் உட்கார்ந்து நான் சொன்ன அதே பதில். எத்தனை தடவை இதை வாசித்திருப்பேன், அந்தப் பெற்றோரை எவ்வளவு இளக்காரமாக நினைத்திருப்பேன்! தட்டுத்தடுமாறி முடித்தேன்.

வாசலில் அவன் நின்றான். ரெண்டு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"இன்னைக்கும் நல்லா வாசிச்சீய அண்ணாச்சி" என்றான். கேலியே இல்லை. மெய்யாகவே அப்படித்தான் நினைத்தான்.