ரத்தத்தை நிறுப்பவள்

என் அக்காவுக்கு ஆபரேஷன் தியேட்டரில் "தராசு" என்று பெயர். வைத்தவர் சர்ஜன். அவள் உள்ளே வந்தால், "தராசு வந்தாச்சு, இனிமே பார்த்துதான் ரத்தம் சிந்தணும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். முகக்கவசத்துக்குள் நானும் சிரித்திருக்கிறேன். அவள் ஒரு நாளும் சிரித்ததில்லை.

அக்கா பத்தாவது முடித்த கையோடு தியேட்டர் உதவியாளர் வேலைக்கு வந்தவள். பதினாறு வருடம் ஆகிறது. நான் மயக்க மருந்துப் பிரிவு டெக்னீஷியன். எங்கள் வீட்டுக்குள் நுழைந்த முதல் பட்டம் என்னுடையது. வீட்டில் "ஏய்" என்று கூப்பிடுகிறவள், தியேட்டரில் என்னை "மேடம்" என்பாள். "மேடம், காலைக் கொஞ்சம் தூக்குங்க, துடைக்கணும்." அந்த மேடத்துக்குப் பதிலாக ஒரு குத்து குத்தியிருந்தால்கூடத் தேவலை.

வயிற்றுக்குள் வைத்து ரத்தத்தை ஒற்றி எடுக்கும் துணிக்கு எங்கள் தியேட்டரில் மாப் என்று பெயர். காய்ந்த மாப் இருபது கிராம். ரத்தம் குடித்த மாப்பைத் தராசில் வைத்து, இருபதைக் கழித்தால் அது குடித்த ரத்தம்; ஒரு கிராம் என்றால் ஏறக்குறைய ஒரு மில்லி. உறிஞ்சும் குழாயின் ஜாடியில் இருப்பதையும் கூட்ட வேண்டும். இந்த வேலை அக்காவுடையது. அவளிடம் இதைச் செய்யச் சொன்னவர் மயக்க மருந்து டாக்டரம்மா. ஆனால் அந்த அம்மாவைச் சொல்ல வைத்தவள் அக்காதான். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் பிரசவ ஆபரேஷனில் இறந்தபோது, "கொஞ்சம்தான் போச்சு" என்று காகிதத்தில் எழுதினார்கள். அக்கா டாக்டரம்மாவை வராந்தாவிலேயே மறித்துக் கேட்டாளாம்: "தரையைக் கழுவினது நான். எவ்வளவு கொட்டுச்சுன்னு எனக்குத் தெரியாதா?" மறுவாரம் தராசு வந்தது.

நான் சொல்ல வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை பற்றி.

கர்ப்பப்பைக் கட்டிக்காக ஆபரேஷனுக்கு வந்த ஒரு தையல்காரப் பெண். நாற்பத்தாறு வயது. அவரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்த அக்கா, கதவைத் தாண்டியதும் சத்தமாகச் சொன்னாள்: "சார், இவங்களுக்குப் பல் பிடுங்கினப்ப ரெண்டு நாள் ரத்தம் நிக்கலையாம். ஊசி குத்தினாக்கூடத் துணியெல்லாம் கறையாகுமாம்."

"ஃபைல்ல அப்படி எதுவும் இல்லையே?" என்றார் சர்ஜன்.

"ஃபைல்ல 'ரத்த நோய் உண்டா'ன்னு கேட்டிருக்கு. பல்லு பிடுங்கினது ரத்த நோயா சார்? இல்லைன்னுதான் சொல்லியிருக்காங்க."

"டெஸ்ட் எல்லாம் நார்மல். பல்லைப் பல் டாக்டர் பார்த்துக்குவார், நாம கர்ப்பப்பையைப் பார்ப்போம்."

சிரிப்பு. டாக்டரம்மா மட்டும் சிரிக்காமல் நோயாளியின் இன்னொரு கையிலும், ரத்தம் ஏற்றத் தோதாக, பெரிய ஊசி ஒன்றைக் குத்தி வைத்தார்.

முதல் முக்கால் மணி நேரம் எதுவும் இல்லை. பிறகு கட்டியைச் சுற்றியிருந்த இடத்திலிருந்து ரத்தம் வர ஆரம்பித்தது. ஒரு இடத்தைத் தைத்தால் தையல் போட்ட துளையிலேயே கசிந்தது. ரத்த அழுத்தம் இறங்கியது. டாக்டரம்மா மருந்து ஏற்றிக்கொண்டே, மணிக்கட்டு ரத்தக்குழாயில் குழாய் போட முயன்றுகொண்டிருந்தார். தலை நிமிராமல் என்னிடம் சொன்னார்: "எவ்வளவு போயிருக்குன்னு கேட்டு எழுது. ரத்த வங்கிக்குப் போன் போடு."

எங்கள் மருத்துவமனையில் விதி இது: இழப்பு ஆயிரம் மில்லியைத் தாண்டினால், கேள்வி கேட்காமல் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு மூன்றையும் சேர்த்து அனுப்புவார்கள். ஆயிரத்துக்குக் கீழே என்றால் சிவப்பணு இரண்டு பை மட்டும். ரத்தத்தை உறைய வைக்கும் பொருள் இருப்பது பிளாஸ்மாவில். அது பனிக்கட்டியாக இருக்கும். உருக அரை மணி நேரம் ஆகும்.

"சார், எவ்வளவு?" என்றேன்.

"ஐநூறு இருக்கும்."

"ஆயிரத்து முந்நூத்தைம்பது" என்றாள் அக்கா, தராசுக்குப் பக்கத்திலிருந்து.

"அதுல பாதி கழுவின தண்ணிம்மா."

"நர்ஸம்மா எத்தனை கிண்ணம் ஊத்தினாங்கன்னு கோடு போட்டு வச்சிருக்கேன் சார். அதைக் கழிச்சுட்டுத்தான் சொல்றேன்."

சர்ஜன் மறுபடி தைக்கக் குனிந்தார். பேனா என் கையில் இருந்தது. நான் தொள்ளாயிரம் என்று எழுதினேன்.

யாரும் சொல்லாத எண். சர்ஜன் சொன்னதை எழுதினால் அக்கா பார்ப்பாள். அக்கா சொன்னதை எழுதினால் சர்ஜன் பார்ப்பார். தோராயமாக இரண்டுக்கும் நடுவில் ஒன்றைப் போட்டேன். போனில் அதையே சொன்னேன். "ஆயிரத்துக்குக் கீழதானே? ரெண்டு பை அனுப்புறேன்" என்றார் ரத்த வங்கிக்காரர். நியாயமாக நடந்துகொண்டேன் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த நினைப்புதான் இன்றுவரை எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இருபத்தைந்து நிமிடத்தில் இரண்டு பையும் ஏறி முடிந்தன. ரத்தம் நிற்கவில்லை. இப்போது ஊசி போட்ட இடங்களிலிருந்தும் கசிந்தது. ஜாடியில் இருந்த ரத்தத்தில் உறைந்து ஒரு கட்டிகூட விழவில்லை. சாயத் தண்ணீர் மாதிரி ஆடியது. அக்கா அதைப் பார்த்தாள். பிறகு நேராக வந்து என் மேசை மேல் இருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"தொள்ளாயிரமா? யார் சொன்னது இது?"

நான் மானிட்டர் பக்கம் திரும்பினேன்.

"யாருடி சொன்னது?"

"ரெண்டு பேரும் ரெண்டு சொன்னீங்க. அதான் நடுவுல..."

"பேரம் பேசினியா?" அக்கா கத்தினாள். "கத்திரிக்காயாடி இது? அவர் ஐநூறுன்னா நான் ஆயிரத்து முந்நூறுன்னா, நீ தொள்ளாயிரத்துக்கு முடிச்சுட்டியா? நான் வாயால சொல்லலை, தராசு சொல்லுது! படிச்சவதானே நீ?"

"யாரைக் கேட்டு இங்க கத்துற? வெளிய போ!" என்றார் சர்ஜன்.

"போறேன். எண்ணைச் சொல்லிட்டுப் போறேன். ரெண்டாயிரத்து நூறு. கழுவின தண்ணி எண்ணூறு, அதைக் கழிச்சாச்சு. அந்த ஜாடியைப் பாருங்க டாக்டரம்மா, உறையவே இல்லை."

டாக்டரம்மா ஜாடியைத் திரும்பிப் பார்த்தார். "சார், தைக்கிறதை நிறுத்துங்க. உள்ள துணி வச்சு அழுத்திப் பிடிங்க, கையை எடுக்காதீங்க" என்றார். தானே போனை எடுத்து, "மொத்தமும் அனுப்புங்க, இப்பவே" என்றார். உறைந்தது கரையாமல் இருக்க ஒரு மருந்து, கால்சியம், உடல் குளிராமல் இருக்கச் சூடான காற்று. எல்லாம் செய்தாகிவிட்டது. ஆனால் பிளாஸ்மா உருக வேண்டுமே. அந்த அரை மணி நேரம், முதலில் வந்த சிவப்பணுப் பைகளை நான் இரண்டு கையாலும் பிழிந்துகொண்டிருந்தேன். சர்ஜன் அசையாமல் அழுத்திக்கொண்டிருந்தார். அவர் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டது அக்காதான். யாரும் அவளை வெளியே அனுப்பவில்லை.

தையல்காரப் பெண் பிழைத்தார். ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். பிறகு செய்த தனிப் பரிசோதனையில், பிறவியிலேயே அவர் ரத்தத்தில் உறைய வைக்கும் ஒரு பொருள் குறைவு என்று தெரிந்தது. சாதாரண டெஸ்டில் அது தெரியாதாம். பல்லைப் பற்றி விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும்.

மறுவாரம் கண்காணிப்பாளர் அறையில் விசாரணை. என்னைப் பற்றி அல்ல. தியேட்டரில் கத்தியதற்காக அக்கா மேல் சர்ஜன் புகார் கொடுத்திருந்தார். ஊழியர் பதற்றத்தில் எண்ணைப் பெரிதாக்கிச் சொன்னார் என்றும் அதில் இருந்தது. ஆதாரம் என் காகிதம்.

"பதிவுல தொள்ளாயிரம்தானே இருக்கு?" என்றார் கண்காணிப்பாளர்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்க எனக்கு அவ்வளவு நேரம் ஆனது ஏன் என்று இன்னும் யோசிக்கிறேன். அந்த அறையில் எங்கள் இருவரில் நாற்காலியில் உட்காரச் சொன்னது என்னை மட்டும்தான்.

"அது பொய் எண் சார். யாரும் சொல்லலை. பயந்துபோய் நானே போட்டேன். அப்ப தராசுல ஆயிரத்து முந்நூத்தைம்பது. அதை எழுதியிருந்தா பிளாஸ்மா அரை மணி முன்னாடியே வந்திருக்கும்."

சர்ஜன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். டாக்டரம்மா, தராசின் எண்ணே இனிப் பதிவில் ஏற வேண்டும் என்று எழுதிக் கேட்டார். அதற்கு ஒப்புதல் கிடைத்தது. எனக்கு மெமோ கிடைத்தது. ஆனால் அக்காவுக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் தட்டச்சாகி வந்தது: ஆபரேஷன் தியேட்டரில் உரத்த குரலில் பேசிய குற்றத்துக்காக.

"கையெழுத்துப் போடும்மா, சும்மா ஒரு சம்பிரதாயம்" என்றார் கண்காணிப்பாளர்.

"சம்பிரதாயம்னா சர்ஜன் சார்கிட்டயும் ஒண்ணு வாங்கியிருப்பீங்களே" என்றாள் அக்கா.

கண்காணிப்பாளர் பேனாவை நீட்டினார். அவள் பேனாவை வாங்கி, கடிதத்தை ஒருமுறை முழுதாகப் படித்தாள். அடியில் தன் கோணல் எழுத்தில் எழுதினாள்: "கத்தினேன். அதுக்கு முன்னாடி சத்தம் போடாம சொன்னேன், யாரும் எழுதலை." அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு, காகிதத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டு வெளியே நடந்தாள்.

வராந்தாவில் நான் அவள் பின்னால் ஓடினேன். "அக்கா, நான்தான் உண்மையைச் சொல்லிட்டேனே."

"ஒரு வாரம் கழிச்சு" என்றாள். நிற்கவில்லை. அடுத்த ஆபரேஷனுக்கு மாப் எண்ணி வைக்க அவளுக்கு நேரமாகியிருந்தது.