கட்டிக்கு அடித்த கெட்டிமேளம்

என் எழுத்து கோழி கிளறிய குப்பை போலிருக்கும். எந்த ர எங்கே வரும் என்பது இன்னும் பிடிபடவில்லை. நாலாம் வகுப்போடு நின்றவன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் பேசி, வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றப் போக வேண்டியிருந்தது. போனால் பாயில் உட்கார வேண்டும். எனக்கோ உட்காரும் இடத்தில் எலுமிச்சம்பழம் அளவு கட்டி.

எங்கள் ராஜபாளையத்தில் கட்டி அறுப்பவரும் நாவிதர்தான். கல்யாணத்துக்கு நாயனம் ஊதுவதும் அவர் வீட்டார்தான். அவரிடம் போய், கத்தியைக் கண்டதும் நான் எழுந்து ஓடிவிட்டேன். மறுநாள் அவர் தம்பியை நாயனத்தோடும் மைத்துனரைத் தவிலோடும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நாயனத்தக் கேட்டுக்கிட்டே படுத்துக்கிடும். பயம் போயிரும்."

"யாருக்கும் தெரியக் கூடாதுண்ணே."

"அதான் கதவச் சாத்தியாச்சே! நானும் வாயத் தெறக்க மாட்டேன்."

உள்ளதைச் சொன்னால், நாயனம் இதமாகத்தான் இருந்தது. குப்புறப் படுத்திருந்த எனக்குக் கண் சொக்கியது. அந்த நேரம் பார்த்து நாவிதர் விரலை உயர்த்தி ஆட்டினார். தாலி கட்டும்போது அபசகுனமான சத்தம் காதில் விழாதிருக்கக் கெட்டிமேளம் அடிப்பார்கள் அல்லவா? என் அலறலுக்கும் அதே ஏற்பாடு. தவில் இடித்தது, கத்தி இறங்கியது. நான் அலறியது எனக்கே கேட்கவில்லை.

தெருவுக்குக் கெட்டிமேளம் மட்டும் கேட்டது. அக்கம்பக்கத்தார் கையில் கிடைத்த அரிசியோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் வேட்டியை இழுத்து மூடுவதற்கும் முதுகில் அட்சதை விழுவதற்கும் சரியாக இருந்தது.

"ஏலே ஊமைக்கோட்டான்! சொல்லாம கொள்ளாம தாலி கட்டிட்டியே! பொண்ணு எங்கலே?" என்று எதிர்வீட்டு அத்தை நெல்லுக் குதிருக்குப் பின்னால் போய்த் தேடினாள்.

நான் முகத்தைப் பாயில் புதைத்துக்கொண்டேன். வெட்கம் என்று சிரித்தார்கள். நாவிதரோ கொடுத்த வாக்கைக் காப்பாற்றி, கல்லுப் போல நின்றார்.

விடிந்ததும் சேதி மாட்டுவண்டியேறி ஸ்ரீவில்லிபுத்தூர் போயிற்று. மதியத்துக்குள் பெண்ணின் தகப்பனார் வந்து நின்றார்.

"ஒருத்திக்குத் தாலி கட்டிட்டு எம் மகளயும் கேக்கீரோ?"

சத்தியம் செய்தேன், அவர் நம்பவில்லை. நேரே மகளுக்கு வேறு இடம் பார்க்கப் போவதாகச் சொல்லி வாசல்வரை போய்விட்டார். அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். கதவைச் சாத்தினேன். திரும்பி நின்று வேட்டியை உயர்த்தினேன்.

குனிந்து நிதானமாகப் பார்த்தார்.

"இதுக்கா மேளம்?"

"ஆமா மாமா."

அவர் நிமிர்ந்து, துண்டால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"மூடும், மாப்பிள்ளை. வெள்ளிக்கிழமை வாரும். ஒமக்கு மட்டும் தலகாணி போடச் சொல்லுதேன்."

சார்வரி வருஷம், கார்த்திகை ஒன்பதாந் தேதி.